பூச்சி அறையின் காற்று

கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகளில் ஒன்று உள்ளே வேர்த்திருந்தது. மூடியின் அடிப்பக்கம் முழுக்க ஈரம் பனிபோலப் படிந்து, நடுவில் ஒரு சொட்டு மட்டும் கனத்து, விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நாளாக அதற்குள் ஓர் உயிரும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பூச்சி அக்கா. பதினோரு வருடமாகச் சுவர்க்கோழிப் பூச்சிகளுக்குத் தீனி போட்டு, தண்ணீர்ப் பஞ்சு மாற்றி, மூடியில் வலை ஒட்டிய காற்றுத்துளைகளைத் தினமும் தூரிகையால் துடைப்பவள். அந்தத் துளைகளைத்தான் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவளே டேப் ஒட்டி அடைத்தாள். பக்கத்து அறையில் வெளியாட்களுடன் கூட்டம். நாற்றம் தாங்கவில்லை என்று இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தாள். அதற்குள் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

திங்கட்கிழமை மூடியைத் திறந்தபோது கொதிக்கும் பானையைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடித்தது. கூடவே அழுகல் வாடை. பெட்டியின் அடியில் ஒன்றுகூட இல்லை. அத்தனையும், ஒளிந்துகொள்ள உள்ளே நிறுத்தியிருந்த முட்டை அட்டைகளின் உச்சிக்கு ஏறி, வலையை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியபடி செத்திருந்தன. வாயால் அல்ல, விலாவில் வரிசையாக உள்ள நுண்துளைகளால் மூச்சு விடும் பூச்சிகள் அவை.

டேப்பை உரித்தாள். "சுவர் ஃபேன் ஓடல மேடம்" என்று தலைமை ஆய்வாளரிடம் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில், ஃபேன்களைப் பார்த்துக்கொண்ட எலெக்ட்ரீசியன் அண்ணனுக்கு வேலை போனது.

கருவிப் பையோடு போகும்போது அவர் வாசலில் நின்றார். "வெள்ளிக்கிழமை காலைலகூடப் பார்த்தேனேம்மா. நல்லாத்தான ஓடுச்சு. நீயும் பக்கத்துலதான இருந்த?"

அவள் தண்ணீர்ப் பஞ்சை எடுத்துப் பிழிந்தாள்.

இப்போது பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்ததும் வேர்த்திருந்தது. அதற்கடுத்ததும். சுவர் ஃபேன் தலைக்கு மேலே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, சன்னல் வழியே பகல் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது, ஆனாலும் அறைக்காற்று ஈரத்துணிபோல முகத்தில் ஒட்டியது. எங்கிருந்தோ காய்ந்த கால்கள் அட்டையைப் பிராண்டும் சத்தம், காதை வைத்துக் கேட்டால் நின்று, காதை எடுத்தால் மறுபடி தொடங்கியது.

போனை எடுத்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தாள்.

"சொல்லும்மா" என்றார் எலெக்ட்ரீசியன்.

"சாப்டீங்களாண்ணா?"

"ஆச்சு. ஏம்மா உனக்கு இப்படி மூச்சு வாங்குது? ஃபேன் ஓடுதா இல்லையா? சுவிட்ச அணைச்சு ஒரு தடவ போட்டுப் பாரு."

வேலை போனவர் அக்கறையாகக் கேட்டார். அவளால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. போனை அணைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள். இன்றைக்கு விட்டால் இனி வாய் வராது. சொல்லிவிட வேண்டும். நான்தான் அடைத்தேன். அவ்வளவுதான். மூன்று சொல்கூட இல்லை.

தலைமை ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "உட்காருங்க. என்ன விஷயம்?"

வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி திறந்தாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. தொண்டையில் காற்றே இல்லை. மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

ஆனால் மூச்சு முட்டவும் இல்லை.

விலாப் பக்கம் சில்லென்றது. இரண்டு பக்கமும். துணிக்கு அடியில் யாரோ மெல்ல ஊதுவதுபோல. கையை உள்ளே விட்டாள். விரல் நுனியில் ஒரு துளை. கடுகளவு. ஒரு விரற்கடை தள்ளி இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. வரிசையாக, இடுப்புவரை.

"என்னாச்சு? எதுவா இருந்தாலும் வாயத் திறந்து சொல்லுங்க" என்றார் தலைமை ஆய்வாளர்.

அவள் ஒரு துளையை விரலால் அழுத்தி மூடினாள். தோலின் விளிம்பு சின்ன உதடுபோலக் குவிந்து விரலைத் தள்ளிப் பார்த்தது. அடுத்த துளை அகலமாகத் திறந்துகொண்டது.