மஞ்சள் பலகைக்குக் கீழே இரண்டு பேர்

"ஹலோ... நான்தான் முதல்ல வந்தேன்!"

சொல்லிவிட்டு வினிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னே என்ன? அந்த மஞ்சள் பலகைக்குக் கீழே வரிசை என்று ஒன்று இருந்தால்தானே முதலும் கடைசியும்? இவ்வளவு நேரம் அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். இப்போது ஒருவன் வந்து அவளுக்கு ஓரடி முன்னால் நிற்கிறான். அவ்வளவுதான் கூட்டம்.

அவன் திரும்பினான். முதலில் கண்கள்தான் சிரித்தன. அப்புறம்தான் உதடு.

"சரிங்க... நீங்க ஒண்ணு, நான் ரெண்டு. டோக்கன் போட்டுக்கலாமா?"

'இப்படிச் சிரிக்கிற கண்ணை வைத்திருப்பவனோடு எப்படித்தான் சண்டை போடுவது...' வினிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆயுத பூஜை லீவு. சூளகிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரத்து ஜில்ஜில் லேண்டில் எள் போட்டால் எள் விழாது. பெங்களூரு பாதி, ஓசூர் மீதி. எல்லாரும் ஆறு மணி ஷோவுக்காகத்தான் காத்திருந்தார்கள். ஏரித் தண்ணீரை வானத்துக்குப் பீய்ச்சி, அதையே திரையாக்கிப் படம் காட்டுவார்களாம். பச்சை வாசலிலும் சிவப்பு வாசலிலும் தள்ளுமுள்ளு. சிவப்புப் பட்டை கிடைத்த தோழி சக்தி, "உள்ள எடம் புடிக்கறேன்டி!" என்று கத்திக்கொண்டே அந்தக் கூட்டத்தில் காணாமல் போயிருந்தாள்.

வினிதாவின் முறை வந்தபோது கவுன்டரில் சிவப்புப் பட்டை தீர்ந்துவிட்டது. அங்கிருந்தவர் அவள் மணிக்கட்டில் மஞ்சள் பட்டையைச் சுற்றி, "அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கம் மஞ்சள் பலகை. அதற்குக் கீழே தரையில் மஞ்சளாய் ஒரு கட்டம். வினிதா ஒழுங்காக அந்தக் கட்டத்துக்குள் போய் நின்றாள்.

நின்றாளே தவிர, இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. ஷோவைப் பார்ப்பதா, வேண்டாமா? ஷோ வேண்டாம் என்பவர்களுக்கு ஐந்தே முக்காலுக்கு ஓசூர் திரும்பும் அவள் கம்பெனி பஸ். வேண்டும் என்பவர்களுக்கு ஏழேகாலுக்கு. ஏழேகால் என்றால் வழியில் சானமாவுக் காட்டை இருட்டில் தாண்ட வேண்டும். போன வாரம்தான் யானைக்கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று வண்டிகளையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது...

"ஏங்க..." அவளுக்கே தெரியாமல் கேட்டுவிட்டாள். "இந்த ஷோ... இவ்வளவு கூட்டத்துல நின்னு பார்க்கற அளவுக்கு இருக்குமா?"

"தெரியலையே. நானும் பார்த்ததில்ல."

"யானை வந்துட்டா?"

"ஷோவுலயா?"

"சானமாவுலங்க!"

"வந்தா அதுக்கும் ஒரு பட்டை கட்டி விட்டுருவோம்."

சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு... அந்த நேரம் பார்த்துச் சொட்டென்று மூக்கின்மேல் ஒரு துளி. அடுத்த நொடி சடசடவென்று மழை. வினிதா குடையை விரித்தாள். அவன் நனைந்துகொண்டே நின்றான். பாவமாக இருந்தது. "வாங்க..." என்று குடையைச் சற்றுச் சாய்த்தாள். அவன் காம்பை வாங்கிக்கொண்டான். குடை முழுக்க அவள் பக்கமே சாய்ந்திருந்ததை அவள் கவனிக்காததுபோல் இருந்தாள்.

"பேரு?"

"கிரி. சிப்காட்ல மெயின்டெனன்ஸ். நீங்க?"

"வினிதா. குவாலிட்டி." மணிக்கட்டை உயர்த்திக் காட்டினாள். "அதான் மஞ்சளைக் கட்டினதும் பேசாம வந்து நின்னுட்டேன். எங்க லைன்ல பச்சை டேக்னா ஓகே, சிவப்புன்னா ரிஜெக்ட். மஞ்சள்னா ஹோல்டு... கூப்பிடற வரைக்கும் கட்டத்தைத் தாண்டக் கூடாது."

கிரி குடைக் காம்பைக் கை மாற்றிப் பிடித்தான். மழையைப் பார்த்தான்.

"என்னையும் ஒருத்தங்க ஹோல்டுல போட்டாங்க" என்றான் மெதுவாக.

"யாரு?"

"ஜாதகம் கொடுத்த எடத்துல. எனக்குப் பொண்ணைப் புடிச்சிருந்துச்சு. பதிலுக்குக் காத்திருந்தேன்... எட்டு மாசம். ஆமான்னும் வரல, இல்லைன்னும் வரல. இப்போ அம்மா குந்தாரப்பள்ளில ஒரு எடம் பார்த்திருக்காங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லணும். ஷோ முடிஞ்சதும் சொல்றேன்னு வந்துட்டேன்."

வினிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எட்டு மாசமா? என்னாங்க இது அநியாயம்! வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? ஒரு பீஸை ஹோல்டுல வெச்சா, நாப்பத்தெட்டு மணி நேரத்துல நான் முடிவு எழுதணும். இல்லேன்னா ஆடிட்ல என் கழுத்தைத்தான் புடிப்பாங்க. இரும்புத் துண்டுக்கே அந்த மரியாதை... மனுஷனுக்குக் கிடையாதா? என்ன பொண்ணுங்க அது!"

"நல்ல பொண்ணுதாங்க" என்றான் அவன். "ஏதோ பயம்போல."

"என்ன பயம், பெரிய பயம்! உங்க இடத்துல நானா இருந்தா நேரா வீட்டுக்கே போய்க் கேட்டிருப்பேன்... ஆமா, கிரின்னா என்ன? கிரிதரனா?"

அவன் தயங்கினான். சட்டைப் பையிலிருந்த கம்பெனி அடையாள அட்டையை எடுத்து அவள் பக்கம் திருப்பினான்.

மா. தீர்த்தகிரி.

வினிதா அதை இரண்டு முறை படித்தாள்.

தீர்த்தகிரி. அரூர். பெரியம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜாதகம். 'முப்பது வயசுப் பையனுக்கு இப்படி ஒரு தாத்தா பேரா?' என்று சக்தியோடு சேர்ந்து சிரித்தது நினைவுக்கு வந்தது. போட்டோவை அவள் திறக்கவே இல்லை. திறந்து, பிடிக்காமல் போனால்கூடப் பரவாயில்லை... பிடித்துப் போனால் என்ன செய்வது?

ஏனென்றால் ஒருமுறை அவளுக்குப் பிடித்துத்தான் போயிருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு. பத்தே நிமிஷத்தில் சரி என்றாள். குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்தபிறகு, மாப்பிள்ளை வீட்டார் காரணம்கூடச் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். அச்சடித்த பத்திரிகைகளை அம்மா பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டு, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் வினிதாவுக்கு ஒரே பதில்தான். "இருக்கட்டும்மா... அப்புறம் சொல்றேன்."

காது மடல் சுட்டது. வெட்கம்தான். ஆனால் வெளியே வந்தது கோபம்.

"தெரிஞ்சேதான் பேசினீங்களா? என் வாயாலயே என்னைத் திட்ட வெச்சு வேடிக்கை பார்த்தீங்களா?"

"வேடிக்கை இல்லீங்க. கவுன்டர்ல உங்களுக்குப் பின்னாடிதான் நின்னேன். போட்டோவுல பார்த்த முகம்... பேசாமப் போக முடியல."

"நான் பஸ்ஸுக்குப் போறேன்."

அவன் வழியை விட்டான். தடுக்கவில்லை.

"போங்க. ஆனா இந்தத் தடவை போறேன்னு சொல்லிட்டுப் போறீங்க பாருங்க... அதுவே பெருசு."

சுருக்கென்று தைத்தது. வினிதா திரும்பிப் பார்க்காமல் மழையில் நடந்தாள். பாதி வழியில்தான் குடை நினைவுக்கு வந்தது. அது அவன் கையில்.

மழையில் கால் மணி நேரம் தாமதமான பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வாசலில் டிரைவர் கமலக்கண்ணன் நனைந்த பேப்பரும் பேனாவுமாக நின்றார்.

"பேரு சொல்லும்மா, டிக் போட்டுடறேன்."

"வினிதா..."

"ஏறிட்டா இறங்கக் கூடாது. அப்புறம் ஏழேகால் வண்டியில எண்ணிக்கை இடிக்கும். வர்றியா, இல்லியா?"

"ஒரு நிமிஷம்ணே..."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. வண்டி நிக்காதும்மா! ஆமான்னு சொல்லு, இல்ல, இல்லைன்னு சொல்லு!"

படிக்கட்டில் வைத்த கால் படிக்கட்டிலேயே நின்றது. பஸ்ஸுக்குள் வெளிச்சமாக, காய்ந்து, பத்திரமாக இருந்தது. யானை வருவதற்குள் காட்டைத் தாண்டிவிடலாம். ஏழு மணிக்கு ஹாஸ்டல், எட்டு மணிக்குச் சாப்பாடு. அந்த நேரத்துக்கு அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, குந்தாரப்பள்ளிக்குச் சரி என்று சொல்லிக்கொண்டிருப்பான்... அதை நினைத்தபோது நெஞ்சுக்குள் என்னவோ அறுந்து விழுவதுபோல் இருந்தது. அரை மணி நேரப் பழக்கம். இதற்குப் போய் இப்படி வலிக்குமா?

வலித்தது.

"இல்லண்ணே" என்றாள். "நான் இதுல வரல."

அவர் பேரை அடித்தார். கதவு சாத்திக்கொண்டது. வினிதா ஓடினாள். பச்சை வாசல் காலி. சிவப்பு வாசல் காலி. கூட்டம் மொத்தமும் உள்ளே போய்விட்டிருந்தது. ஷோ தொடங்கிவிட்டது என்று உள்ளேயிருந்து மேளச்சத்தம் கேட்டது. 'அவனும் உள்ளே போயிருப்பான். மூவாயிரம் பேரில் எங்கே போய்த் தேடுவேன்... கடவுளே, போயிருக்கக் கூடாது... இருக்க வேண்டும்...'

இருந்தான்.

மஞ்சள் பலகைக்குக் கீழே, மஞ்சள் கட்டத்துக்குள், தொப்பலாக நனைந்துகொண்டு. கையில் அவள் குடை. மடக்கியபடியே.

"குடையை விரிக்க வேண்டியதுதானே!" மூச்சு வாங்கிக்கொண்டு அதைத்தான் முதலில் கேட்டாள்.

"உங்க குடைங்க. கேக்காம எப்புடி விரிக்கிறது?"

வினிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதற்குள் வாசலோர நாற்காலியிலிருந்து செக்யூரிட்டி ரங்கம்மா எழுந்து வந்துவிட்டாள்.

"ஏனம்மா, இன்னூ இல்லே நிந்தித்தீரா? ஒளகே ஹோகி!" என்று கன்னடத்தில் அதட்டியவள், வினிதா விழிப்பதைப் பார்த்து அரைகுறைத் தமிழுக்கு மாறினாள். "மஞ்ச பட்டைக்கு முன்வரிசைம்மா! நாலரையிலேந்து கேட் தெறந்துதான் இருக்கு. பச்சை, செகப்புதான் நிக்கணும். நீங்க எதுக்கு நிக்கறீங்க?"

வினிதா பேந்தப் பேந்த விழித்தாள். முன்வரிசையா? வாசல் திறந்தே கிடந்ததா? இவ்வளவு நேரமும் அவளை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. அவளாகத்தான் நின்றிருக்கிறாள்.

"இவர் வர்றப்பவே சொன்னேன்" என்று ரங்கம்மா அவனைக் காட்டினாள். "போய்யான்னா போகலே. அந்த அம்மா நிக்கறாங்க, நானும் நிக்கறேன்னாரு."

தீர்த்தகிரி தரையைப் பார்த்தான். மழையில் நனைந்த முகத்திலும் வெட்கம் தெரியும் என்று வினிதா அன்றுதான் கண்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உள்ள போயிருப்பீங்க. முன்வரிசையில நீங்க ஒரு மூலை, நான் ஒரு மூலை... இங்கேன்னா ரெண்டே பேருதானே."

அவள் தன் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் பட்டையைப் பார்த்தாள்.

"எனக்குப் பயங்க. அன்னிக்கும் பயம்... இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஒரு தடவை சரின்னு சொல்லி, எங்க அம்மா மூணு நாள் சாப்பிடல. அதுக்கப்புறம் யாருக்கும் பதில் சொல்ல வாய் வரல. உங்க போட்டோவை நான் பார்க்கக்கூட இல்ல. தப்புதான்... மன்னிச்சுருங்க."

"மன்னிக்க என்ன இருக்கு..."

"இருங்க, முடிக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. தாத்தா பேரோட சேர்த்தே புடிச்சிருக்கு. குந்தாரப்பள்ளிக்குச் சரின்னு சொல்லாதீங்க..."

அவன் கண்கள்... அவை இப்போது சிரிக்கவில்லை. நிறைந்திருந்தன.

சரியாக அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் 'அம்மா'. அவன் எடுத்தான்.

"சொல்லும்மா... ம்... இல்லம்மா, ஷோ இன்னும் பார்க்கல... பதிலா? அது வந்து..."

அவன் நிமிர்ந்தான். வினிதாவைப் பார்த்தான். 'ஐயோ, வேண்டாம், நாளைக்குப் பேசிக்கலாம்' என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. பழகிய குரல். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எட்டு மாசம் போனது. அவள் கையை நீட்டிப் போனை வாங்கினாள். காதில் வைத்தாள்.

"அத்தை..."

"யாரு?" என்றது மறுமுனை.

"நான் வினிதா பேசறேன். எட்டு மாசம் முன்னாடி பதில் சொல்லாம விட்டேனே... அந்த வினிதா. லேட்டாயிடுச்சு அத்தை. கோவிச்சுக்காதீங்க."

மழை கொட்டியது. உள்ளே மூவாயிரம் பேர் 'ஓ...' என்று கத்தினார்கள். தண்ணீர்த் திரையில் ஏதோ பெரிதாக நடந்திருக்க வேண்டும். வினிதாவுக்குத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும்தான் கேட்டது. ஒன்று... இரண்டு... மூன்று...

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. அப்புறம் அந்த அம்மாவின் குரல்.

"என்ன கண்ணு, மழைச் சத்தம் கேக்குது? வெளியிலயா நிக்கறீங்க? ரெண்டு பேரும் மொதல்ல உள்ள போங்க..."