டோரீன் விட்ட மூச்சு

ஆறு வாரமாக ஆள் குடியில்லாத மாடி வீட்டின் ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது.

நைஜலுக்கு அது பிடிக்கவில்லை. நகராட்சி வீடுகளின் ஓதத்தையும் பூஞ்சையையும் பார்வையிட்டு எழுதும் வேலையில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன். ஆள் இருந்தால்தான் கண்ணாடியில் ஆவி படியும். உள்ளே துணி காயப்போடுவது, கெட்டிலைக் கொதிக்கவிடுவது, மூச்சு விடுவது. இதைத்தான் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தான். இங்கே குடியிருந்த டோரீனிடமும் மூன்று முறை சொன்னான். சுவரில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தும், மூன்று முறையும் படிவத்தில் 'காரணம்: குடியிருப்போரின் பழக்கம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தான்.

"மூச்சு விடுறதும் தப்பா தம்பி? அப்ப நிறுத்திடவா?" என்று கடைசி முறை இருமலுக்கு நடுவே கேட்டாள்.

"ஜன்னலைத் தொறந்து வைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்." சிரித்துக்கொண்டே சொன்னான், பாவி. நவம்பர் கடைசியில் நுரையீரல் கெட்டுச் செத்துப்போனாள்.

இப்போது சுவரில் பூஞ்சை பூத்த கரும்புள்ளிகளின் மேல் வெள்ளை பெயின்ட் அடித்தாயிற்று. நைஜல் சட்டைக்கையால் கண்ணாடியை அழுந்தத் துடைத்தான். மணி நான்குகூட ஆகவில்லை, ஜனவரி வானம் அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. போன் அடித்தது. அலுவலகத்திலிருந்து ஷெரில்.

"என்னப்பா, வீட்டுல ஓதம் இல்லைன்னு படிவத்துல கையெழுத்துப் போட்டாச்சா? வெள்ளிக்கிழமை கைக்குழந்தையோட ஒரு குடும்பம் வருது."

"போட்டாச்சு, போட்டாச்சு. வீடு காஞ்சு கருவாடா கெடக்கு."

போனை வைத்ததும் படுக்கையறைப் பக்கமிருந்து, நனைந்த கம்பளியை யாரோ மெல்லப் பிழிவதுபோல் ஓர் இழுப்பு கேட்டது. பிறகு மூச்சை நீளமாக வெளியே விடும் சத்தம். அதன் பின்னாலேயே புதுப் பெயின்ட் நெடியைத் தள்ளிக்கொண்டு பழைய மக்கல் வாடையும், டோரீன் நெஞ்சில் தேய்க்கும் தைல வாசனையும் கூடத்துக்குள் வந்தன.

"குழாயாத்தான் இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஓதம் அளக்கும் கருவியின் இரண்டு ஊசிகளையும் சுவரில் குத்தினான். கருவி அலறியது. கையை வைத்துப் பார்த்தான். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. கைக்கடியில் நெஞ்சுபோல் எழும்பியது. தாழ்ந்தது.

வாசலுக்கு ஓடினான். ஈரத்தில் உப்பிய கதவு நிலையோடு இறுகிக்கிடந்தது. கதவு இறுகுகிறது என்று டோரீன் கொடுத்த புகாரை ஓரங்கட்டியவனும் அவன்தான். போனில் உயிரில்லை.

"மாத்தி எழுதிடறேன்! டோரீன், சத்தியமா மாத்தி எழுதிடறேன்!"

படிவத்தை எடுத்தான். கூழாகியிருந்தது. பேனா பட்டதும் கிழிந்தது. அவன் கையெழுத்து மட்டும் அழியவில்லை.

காதருகே இருமல்.

"வாய மூடுங்க தம்பி. நீங்க விடுற மூச்சுலதான ஈரம்?"

ஜன்னல்! தாழ்ப்பாளை இழுத்தான். பெயின்ட் இறுகப் பிடித்திருந்தது. சீக்கிரம் அடித்துத் தள்ளச் சொன்னவன் அவனே. கீழே பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் நின்றார்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக் கத்தினான். சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினான். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. அவன் வாய்க்கு நேரே பொட்டு ஆவியும் இல்லை.

பக்கத்தில், அவன் தோள் உயரத்தில், டோரீனின் உயரத்தில், ஆவி படிந்தது.

மறைந்தது.

படிந்தது.