கல்லுக்குப் பால் வேண்டாம்

திங்கட்கிழமை மத்தியானம் மேகமே இல்லாத வானத்தில் இடி மாதிரி ஒரு உறுமல். கொஞ்ச நேரத்தில் கருப்பம்மாள் அத்தையின் கோழிக்கூண்டுத் தகரத்தில் 'டமார்'.

பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து லயம், வரிசை வீடுகள் அது. எல்லாரும் ஓடிப் பார்த்தார்கள். கோழிகளுக்கு ஒன்றுமில்லை. தகரத்தில் ஓட்டை. தரையில் மாங்காய் அளவில் ஒரு கறுப்புக் கல்.

பக்கத்து வீட்டு குமுதாவுக்குப் பத்து வயது. ஒரு காந்தத்தைக் கல்லருகே கொண்டுபோனாள். ஒட்டிக்கொண்டது. உடனே படம் எடுத்துக் கலாதேவி டீச்சருக்கு அனுப்பினாள்.

"விண்கல் மாதிரிதான் இருக்கு. சனிக்கிழமை பல்கலைக்கழகத்து ஆளுங்களோட வாரேன். பத்திரமா வையுங்க," என்றார் டீச்சர்.

அத்தை பத்திரமாகத்தான் வைத்தார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, காலையும் மாலையும் பால் ஊற்றினார். "தகரத்தப் பொத்துக்கிட்டு என்னைத் தேடி வந்த சாமிலா."

மூன்றாம் நாள் கல்லிலிருந்து செம்பழுப்பாய் ஏதோ வழிந்தது.

"சாமி அழுவுது," என்று அத்தையும் அழுதார். இன்னும் ஒரு செம்பு பால் ஊற்றினார்.

குமுதா குனிந்து பார்த்தாள். தம்பி தர்மாவின் சைக்கிள் சங்கிலியில் இதே நிறம் உண்டு. கல்லில் மெல்லிய விரிசலும் விட்டிருந்தது. இப்படியே போனால் சனிக்கிழமைக்குள் கல் உதிர்ந்துவிடும்.

"அத்தை, அது அழுவல. துரு."

"சாமிக்குத் துருவா? வாயில போட்டுக்கோ."

குமுதா வாயில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டாள். ஆனால் விடவில்லை. "செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல நிறைய கல்லு சுத்துதாம் அத்தை. அங்கேருந்துதான் வந்திருக்கும்."

"நடுவுல புதன்கிழமைதானே இருக்கு?"

"நான் கிரகத்தச் சொல்றேன். அங்க மழை கிடையாது. கல்லுக்குள்ள இரும்பு இருக்கு. நம்ம காத்துக்குள்ள வேகமா வந்ததுல மேல்பக்கம் உருகிக் கறுத்துப்போச்சு. இங்க வந்து மூணு நாளுல ஆறு செம்பு பால்."

அத்தையின் முகம் வாடியது. "அப்போ நானா கெடுத்தேன்?"

குமுதாவுக்குப் பாவமாக இருந்தது. அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, உப்பு நசநசன்னு ஆகாம இருக்க போத்தல்ல என்ன போடுவீங்க?"

"நாலு அரிசி."

"சாமிக்கும் அரிசியே படைச்சா?"

அத்தை யோசித்தார். "சாமி கோவிக்காதே?"

"பால் மட்டும் குடிச்சா அதுக்கும் பசிக்கும்லா," என்றான் தர்மா.

அத்தை சிரித்துவிட்டார். கல்லைத் துடைத்து, காற்றாடியை ஓடவிட்டு அதன் முன்னால் நன்றாகக் காயவைத்தார்கள். பிறகு முறுக்கு வைக்கும் சிவப்பு மூடி போத்தலில் பச்சரிசி கொட்டி, அதற்குள் புதைத்தார்கள்.

சனிக்கிழமை டீச்சரோடு வந்த பல்கலைக்கழகத்து அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கல்லைப் பார்த்தார். "நல்லவேளை, ஈரம் எடுத்திருக்கீங்க. யார் யோசனை?"

"எங்க குமுதா," என்றார் அத்தை.

ஆராய்ந்து பார்க்க ஒரு மாதத்துக்குக் கல்லைக் கேட்டார்கள். அத்தை போத்தலையே தூக்கிக் கொடுத்தார். கார் கதவு வரை கூடவே போனார்.

"பத்திரம்மா. யார் சொன்னாலும் பால் மட்டும் ஊத்திடாதீங்க."