பூனை இருக்கும் வீடு

தும்மல்தான் முதலில் வந்தது. ஆள் பிறகு வந்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று... ஏழாவது தும்மலில் முஸ்கான் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். வெளியே மழை, நாலு மணிக்கே காரைக்குடியை மங்கலாக்கியிருந்தது. மருந்துக்கடை வாசலில் ஒருத்தன். தலை, சட்டை, புருவம் எல்லாம் சாம்பல் தூசி. மழை அதில் கோடு கிழித்திருந்தது. கண்கள் சிவந்து, நீர் கோத்து... அழகான கண்கள்தான். பார்க்கத்தான் பரிதாபமாக இருந்தன.

“அலர்ஜிக்குச் சின்ன மஞ்ச மாத்திரை, ஒரு அட்டை.”

“எதுல வந்தீக?”

“பைக்குல. மாத்திரைக்கும் பைக்குக்கும் என்ன?”

“அது பழைய மருந்து. மூளைக்குள்ள போயிரும், தூக்கம் வரும். வண்டி ஓட்டுறவுகளுக்குத் தர மாட்டேன். இந்தப் புது மருந்து மூளைக்கு அவ்வளவாப் போகாது. இதைப் போடுங்க.”

“பத்து வருசமா அதைத்தான் போடுறேன். கடையில இருக்கவுக கேட்டதைக் குடுத்தாப் போதும்.”

“கேட்டதைக் குடுக்க எதுத்தாப்புல பெட்டிக்கடை இருக்கு. நான் பி.பார்ம் படிச்சிருக்கேன்.”

அவன் எட்டாவதாகத் தும்மிவிட்டுப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் முழங்கையில் சிராய்ப்போடு வந்தான். வேறு கடையில் மஞ்சள் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறான். குன்றக்குடி ரோட்டில் ஒரு நொடி கண் மூடியது. வண்டி கருவேலம் புதருக்குள் போனது.

‘நான்தான் சொன்னேனே’ என்று அவள் சொல்லவில்லை. பஞ்சில் மருந்து நனைத்து நீட்டினாள். அவள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியம்தான் அவனை வீழ்த்தியது. புதர் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அவன் பெயர் உவைஸ். செட்டியார் வீடுகளைச் சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு ஊருக்கு வருவார்கள். வருவதற்கு முன் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, வருடத்துத் தூசியை அள்ள வேண்டும். தூசி ஆகாதவனுக்குத் தூசிதான் சோறு போட்டது.

“இந்த மாத்திரை உள்ள போயி என்னதான் பண்ணுது?” என்று கேட்டான்.

“தூசி பட்டதும் உங்க உடம்பு ஹிஸ்டமின்னு ஒண்ணை வெளிய விடுது. அதுக்குன்னு உக்கார எடம் இருக்கு. அதுல போயி உக்காந்தாத்தான் தும்மல், அரிப்பு, கண்ணுல தண்ணி எல்லாம். மாத்திரை அதை வெரட்டாது. முந்திப் போயி எடத்தைப் பிடிச்சுக்கும்.”

“தைப்பூசத்துக்குக் குன்றக்குடி பஸ்ஸுல துண்டு போடுற மாதிரி.”

அவள் சிரித்துவிட்டாள். “அதேதான். தும்ம ஆரம்பிச்ச பெறகு போட்டா மெதுவாத்தான் கேக்கும். வீட்டைத் தொறக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுருங்க. மூக்கையும் துணியால மூடிக்கங்க. வேற என்ன ஆகாது?”

“பூனை.”

“எங்க வீட்டுல ஒரு பூனை இருக்கு.”

“அப்ப உங்க வீட்டுப் பக்கம் வர முடியாது.”

“உங்களை யாரு கூப்பிட்டா?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் வந்தான். “நாளைக்கு நாச்சியாபுரத்துல ஒரு வீடு. எட்டு மணிக்குத் தொறக்குறேன்.” “அப்ப ஏழு மணிக்குப் போடுங்க.” அவ்வளவுதான் பேச்சு. அதற்கு இருவரும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். சிவப்பில்லாத அவன் கண்களை அவள் முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பில்லில் தேதியைத் தப்பாகப் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை, உவைஸ் கடையில் நிற்கும்போதே, அவளைப் பெற்ற அத்தா ஹனிபா உள்ளேயிருந்து சொன்னார். “ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவும்மா. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பெறகு, மலேசியாவுல ஈப்போவுல இருக்குற மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு பாக்க வாராக.”

உவைஸ் மீதிச் சில்லறையை வாங்காமல் போனான். குப்பை அள்ளுறவனுக்கு அந்த வீட்டில் என்ன வேலை... இதைத்தான் நினைத்திருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. அவன் நம்பர் அவளிடம் இருந்தது. ‘நானா கூப்பிடணும்?’ என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அத்தா சொன்னார். “புடிக்கலைன்னா நாளைக்குக் கடை சாத்துறதுக்குள்ள சொல்லிரும்மா. வந்த பெறகு வேணாம்னா அவுகளுக்கு அவமானம். ஆனா ஒரு காரணம் சொல்லு.”

என்ன காரணம் சொல்வது? தும்முகிற ஒரு ஆளையா?

சனிக்கிழமையும் மழை. அஞ்சு மணி. தும்மல் கேட்கவில்லை. அதனால் அவள் நிமிரவில்லை.

“ஒரு மாத்திரை வேணும்.”

வெள்ளைச் சட்டை. தூசி இல்லாத முகம். தெளிந்த கண்கள், மழையில் நனைந்து...

“எந்த ஊர்ல வீடு?” அவள் பில் புத்தகத்தைப் பிரித்தாள்.

“இந்த ஊர்தான். நாளைக்குக் காலையில அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன். அந்த வீட்டுல பூனை இருக்காம்.”

அவள் பில் புத்தகத்தை மூடி வைத்தாள்.

“ஈப்போக்காரவுக வர்றதுக்கு முந்தித் துண்டு போட வாரீகளாக்கும்?”

“ஆமா. அஞ்சு நாள் நெற்குப்பை ஊர்ல குப்பை அள்ளிக்கிட்டே யோசிச்சேன். குப்பை அள்ளுறவன்னு உங்க அத்தா சொன்னா சொல்லட்டும். நானே எனக்குச் சொல்லிக்கிட்டு ஒதுங்கிப் போறதுதான் கேவலமா இருக்கு. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. உங்களுக்கு?”

முஸ்கான் உள்ளே திரும்பி, “அத்தா, நேத்து ஒரு காரணம் கேட்டீகள்ல... இங்குட்டு வாங்க, நிக்குது” என்றாள்.

செருப்புச் சத்தம் நெருங்கியது. அதற்குள் அவள் முழு அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“ஒண்ணுதானே கேட்டேன்?”

“பத்தாது. கல்யாணத்துக்குப் பெறகு பூனையை நான் விட்டுட்டு வர மாட்டேன்.”