கயிறுகள் தொங்கும் தெரு

காற்று துளியும் இல்லை. ஆனாலும் அந்தக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாடியிலிருந்து தெருவரைக்கும் தொங்கும் சணல் கயிறு. நுனியில் ஒரு மரக்கட்டை. தங்கமணி குடையைச் சாய்த்து மேலே பார்த்தாள். மே மாதத்து வெயிலில் ரங்கூன் அப்படியே உறைந்து கிடந்தது. எதிர்வீட்டு மாடியில் உலர்ந்த லுங்கிகள் அசையவில்லை. கீழே அடுப்புப் புகை நேராக மேலே போயிற்று. கயிறு மட்டும் இடமும் வலமுமாகப் போய்வந்தது.

"என்னம்மா அண்ணாந்து பாக்குறே? புதுசா?" அடுப்புக்குப் பின்னாலிருந்து ஜெயம்மா கேட்டாள். தெருமுனையில் மொஹிங்கா விற்பவள். மீன்குழம்பு ஊற்றிய அந்த நூலப்பத்தைத் தங்கமணி அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"இந்தக் கயிறு எதுக்கு?"

"மேல மணி இருக்கு. கீழருந்து இழுத்தா அடிக்கும். யாரு எவருன்னு எட்டிப் பாத்துட்டு, கயித்துலயே வாசச் சாவியக் கட்டி எறக்குவாங்க. மூணு மாடி எறங்கிவர யாரால முடியும்?" ஜெயம்மா கரண்டியால் சட்டியைத் தட்டினாள். "எங்க வீட்டுக்காரரு வந்த புதுசுல வேற வீட்டுக் கயித்த இழுத்துட்டாரு. சாவி எறங்கிருச்சு. எறங்குன சாவியத் திருப்பி விட்டா அவமரியாதையாமே. மேல போயி ஒரு அர்மீனியக் கெழவனோட ஒக்காந்து மீனு தின்னுட்டு வந்தாரு மனுசன்! ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்த பொதுவாத் தெரியாது."

தங்கமணிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்டியாவா சுத்துறே?"

"நாலு மணிக்குக் கப்பல். பினாங்கு போறேன், பள்ளிக்கூட வேலைக்கு."

"அப்ப ஆத்தப் பாத்தே நடந்துக்க. வழி தப்பாது."

அவள் நடந்தாள். தோளில் துணிப்பை, அதற்குள் கப்பல் சீட்டு. வெள்ளைக்காரர்கள் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்துக் கட்டிய ஊர். பல தெருக்களுக்குப் பெயர்கூட இல்லை, எண்கள்தான். தூண்கள், வளைவுகள், மழையில் கறுத்த சுண்ணாம்புச் சுவர்கள் எல்லாம் புத்தகத்தில் பார்த்த சீமைப் பட்டணம் போலவே இருந்தன. நாப்பி என்கிற புளித்த மீன் விழுதின் வாடையும் தேக்குமரத்தூளின் வாசனையும் மட்டும் புத்தகத்தில் இல்லாதவை. இந்த ஊரில் அவளைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. காலையில் அது சுதந்திரமாக இருந்தது. மதியத்துக்குமேல் வேறு என்னவோ போலாகிவிட்டது.

கப்பலில் நாலு நாளாகப் பக்கத்துப் படுக்கையில் கைக்குழந்தையோடு மதீனா பீவி என்று ஒரு பெண். அவளிடம் பேசிவிட வேண்டும் என்று தினமும் இரவில் நினைப்பாள். விடிந்தால் வாய் வராது. இன்று ஊர் பார்க்க இறங்கும்போது மதீனா பீவிதான் முதலில் பேசினாள். "நாலு மணிக்குள்ள வந்துருங்க. வரலேன்னா நான் கப்பித்தான்ட்ட போயி சத்தம் போட்டுருவேன், ஆமா." தங்கமணி தலையை மட்டும் ஆட்டினாள். ஆனால் அந்த வார்த்தையை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். தன்னைத் தேட ஒருத்தி இருக்கிறாள்.

துறைமுகக் கடிகாரம் இரண்டு அடித்தபோது ஆற்றை நோக்கிப் போகும் ஒரு குறுகிய தெருவில் திரும்பினாள். கோடியில் புகைபோக்கிகளும் பாய்மரங்களும் தெரிந்தன. தெருவில் ஆளில்லை. இருபுறமும் மாடிகளிலிருந்து கயிறுகள் தொங்கின. நாற்பது, ஐம்பது இருக்கும்.

எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன.

அவள் நின்றாள். சென்னையில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவள். தொங்கும் பொருளின் நீளம் கூடினால் ஆட்டம் மெதுவாகும் என்பது முதல் வருடப் பாடம். மூன்றாம் மாடிக் கயிறு ஒருமுறை போய்வர ஆறு விநாடியாவது ஆகும். முதல் மாடிக் கயிறு அதைவிடச் சீக்கிரம் போய்வர வேண்டும். இங்கே நெட்டையும் குட்டையும் ஒன்றாகப் போயின, ஒன்றாக வந்தன. அதுவும் வேகமாக. கைக்கடிகாரம் இல்லாததால் பரிசோதனைச் சாலையில் செய்வதுபோல மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணினாள்.

ஒரு துடிப்புக்கு ஓர் ஆட்டம்.

மறுபடி எண்ணினாள். தவறவில்லை. நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. தெரு முழுவதும் கயிறுகள் படபடத்தன.

ஓடியிருக்கலாம். ஆறு கண்ணுக்கெதிரே இருந்தது. ஆனால் ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டோம், ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. தெருவின் கடைசி வீட்டில், கைக்கெட்டும் கயிற்றைப் பிடித்தாள்.

அது உள்ளங்கைக்குள் இளஞ்சூடாக இருந்தது. துடித்தது.

விட்டுவிட்டாள். அதற்குள் மேலே எங்கோ மணி ஒருமுறை அடித்துவிட்டது.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கயிறு மேலே போனது. நிதானமாக, பிடிபிடியாக. பிறகு இறங்கி வந்தது. நுனியில் ஒரு நீளமான இரும்புச் சாவி.

"மன்னிச்சுக்குங்க, தெரியாம..." என்றாள் மேலே பார்த்து. சாவி அவள் முகத்துக்கு நேராக அசையாமல் தொங்கியது. அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. யாரோ சிரமப்பட்டு இறக்கியது. அர்மீனியக் கிழவன் நினைவுக்கு வந்தான். மேலே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஐந்து நிமிஷம்.

சாவியை அவிழ்த்துக் கதவைத் திறந்து, அதைப் பூட்டிலேயே விட்டாள். உள்ளே இருட்டு. படி ஏணிபோலச் செங்குத்தாக ஏறியது. இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஏற வேண்டும். செருப்பைக் கழற்றினாள். பையையும் குடையையும் அதன் பக்கத்திலேயே வைத்தாள். ஏறினாள்.

இரண்டாம் மாடியைத் தாண்டும்போது மேலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். சேலை சரசரத்தது. தேங்காயெண்ணெய் வாசனையும், அதனடியில் கப்பலின் கரிப்புகை வாசனையும் வந்தன. தங்கமணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்நியர் எதிரே வந்தால் எப்போதும் செய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேல போங்க," என்றாள் அந்தப் பெண். "கதவு தெறந்துதான் இருக்கு."

எங்கோ கேட்ட குரல். யாருடையது என்று பிடிபடவில்லை. மேல் கதவிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் வெறுங்கால்கள் இரண்டு கண்ணெதிரே கடந்து போயின. இடது காலின் மேல், பெருவிரலுக்குச் சற்றுப் பின்னால், காலணா அளவில் ஒரு வெளுத்த தழும்பு. அமிலம் பட்டால் வரும் தழும்பு. பாவம், இவளுக்கும் பட்டிருக்கிறது என்று நினைத்தாள்.

ஐந்து படி ஏறிய பிறகுதான் உறைத்தது: தன் தழும்பும் இடது காலில், அதே இடத்தில், அதே அளவில்.

கீழே செருப்பு மாட்டும் சத்தம். பையை எடுக்கும் சத்தம். குடையின் நுனி தரையில் ஒருமுறை தட்டியது. கதவு சாத்திக்கொண்டது.

சாவி திரும்பியது.

விழுந்தடித்து இறங்கினாள். கதவைத் தட்டினாள். குத்தினாள். கத்தினாள். தேக்குக் கதவு சத்தத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது. நகம் பிய்ந்தது. வேறு வாசல் இல்லை.

மேலே ஓடினாள். ஒற்றை அறை. ஒரு நாற்காலி. தரையில் பல வருஷத்துப் புழுதி. அதில் வெறுங்கால் தடங்கள். எல்லாம் நாற்காலியில் தொடங்கி வாசலில் முடிந்தன. நாற்காலிக்குப் போகும் தடம் ஒன்றுகூட இல்லை.

ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தது. அதன் வழியே கூவினாள். கீழே தலையில் தட்டோடு பட்டாணி விற்பவன் ஒருவன் போனான். "ஐயா! ஐயா, கதவு!" அவன் நிற்கவில்லை. நிமிரவில்லை. தொண்டை கிழியும்வரை கூவினாள். தெருவில் இப்போது ஒரு கயிறும் ஆடவில்லை. எல்லாம் நேராகத் தொங்கின.

நேரம் போனது. எவ்வளவு என்று தெரியவில்லை.

கப்பல் ஊதியது.

மதீனா பீவி சொல்லியிருப்பாள். கப்பித்தானிடம் போயிருப்பாள். கப்பலை நிறுத்துவார்கள். ஆளை அனுப்புவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்துவார்கள். நிறுத்துவார்கள்.

இரண்டாம் முறை ஊதியது. கூரைகளுக்கு அப்பால் புகைபோக்கி நகர்ந்தது. பழுப்பு நிற ஆற்றில் கப்பல் மெல்லத் திரும்பி, முழு நீளமும் தெரிய வந்தது.

மேல்தட்டின் ஓரத்தில் மதீனா பீவி நின்றாள். பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. அதன் நிழலில், தோளில் துணிப்பையோடு, இங்கே தங்கமணி கட்டியிருக்கும் அதே சேலையில் ஒருத்தி. குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. அவள் ஏதோ சொன்னாள். மதீனா பீவி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் மறுபடி சொன்னாள். வெட்கமில்லாமல், கையை ஆட்டி ஆட்டி, பேசிக்கொண்டே இருந்தாள்.

பிறகு கரைப்பக்கம் திரும்பி, குழந்தையின் கையைப் பிடித்து அசைத்துக் காட்டினாள். இந்த ஜன்னலுக்கு அல்ல. தெரிந்தவர் ஒருவருமில்லாத ஊருக்கு அசைப்பதுபோல, பொதுவாக.