நான்கு நொடிக் குறுந்துப்பாக்கி

காலைச் சங்கு ஊதியதும் செங்காயல் நகரத்தில் எல்லோரும் முதலில் செய்கிற வேலை, சுவருக்கு மூச்சுக் கொடுப்பது. வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு வெண்கலக் குமிழ் பதித்திருக்கும். அதில் வாய் வைத்து ஆளுக்கு இருபது மூச்சு விட வேண்டும். மூச்சிலிருக்கும் ஈரத்தைச் சுவர் உறிஞ்சிக் குழாய் வழியே பொதுத்தொட்டிக்கு அனுப்பிவிடும். மூச்சுக் கொடுக்காதவர்களுக்கு அன்று குடிநீர் கிடையாது. பூமியில் பிறந்து வந்தவர்களுக்கு ஆரம்பத்தில் இது கூச்சமாக இருந்ததாம். செவ்வாயிலேயே பிறந்து வளர்ந்த ஜெபக்கனிக்கு இது பல் துலக்குவதைப் போல.

அன்று பதினான்காவது மூச்சில் வாசல் மணி அடித்தது. வந்தவர் முப்பிடாதி, நகர அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். ஜெபக்கனி படைக்கிடங்கில் உலோகப் பரிசோதகர். ஐம்பத்தாறு வயது. இருவருக்கும் இருபது வருடப் பழக்கம். ஆனால் அவர் வீடு தேடி வந்தது அதுவே முதல் முறை.

"உள்ள வாங்க. ஆறு மூச்சு பாக்கி இருக்கு, முடிச்சிருதேன்."

முப்பிடாதி உட்காரவில்லை. கையில் ஒரு நீளப்பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்தபடி நின்றார்.

"அக்கா, ஒரு சாமான் கொண்டாந்திருக்கேன். முடியாதுன்னு நீங்க சொன்னா ஒரு வார்த்த பேசாம திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன்."

பெட்டியின் நீளத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க கெடச்சுது?"

"ஆறாம் சுரங்கத்துல. பனிக்கட்டி வெட்டுறதுக்குப் போன மாசம் தெறந்தாங்கள்லா. முப்பத்தேழுல இது ஒண்ணுதான் முழுசா இருக்கு. காட்சிக்கு வைக்கணும்னா ஒரு பரிசோதனை அறிக்கை வேணும். இதப் பிரிக்கத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்திதான்."

"அது தெரிஞ்ச ஆளு செத்துப் பதிமூணு வருசமாச்சு."

"தெரியும்க்கா" என்றார் முப்பிடாதி. பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் குறுந்துப்பாக்கியை வடிவமைத்தவன் ஞானதிரவியம், அவளுடைய கணவன். அதைத் தூக்கிக்கொண்டு ஆறாம் சுரங்கத்துக்குள் போன முப்பத்தேழு வீரர்களில் ஒருவன் செல்வின், அவளுடைய தம்பி. தாய் இறந்தபின் அவள் ஊட்டி வளர்த்த பிள்ளை. உள்ளே போனபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னால் செங்காயலுக்கும் வடக்கே இருந்த மேட்டுக்குடிக்கும் பனிச்சுரங்கம் யாருக்கு என்று சண்டை மூண்டது. இரு ஊர்க்காரர்களும் ஒரே ஆலையில் செய்த விண்ணுடையைத்தான் போட்டிருந்தார்கள். தூசிப்படலத்தில் எதிரி யார், தன் ஆள் யார் என்று தெரியவில்லை. முதல் வாரத்தில் செத்த ஒன்பது பேரில் நான்கு பேரைச் சுட்டது சொந்தப் படைதான். இதற்கு ஒரு வழி சொல் என்று ஞானதிரவியத்திடம் கேட்டார்கள்.

அவன் வழக்கமான குறுந்துப்பாக்கியை எடுத்தான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம்; தடித்த கையுறையோடு இரண்டு விரல் நுழைகிற அகலத்தில் விசைக்கூடு; உதைக்கும்போது ஆளைப் பின்னால் தள்ளிவிடாதபடி குழலுக்கு அடியில் முன்னோக்கி ஓடும் ஓர் எதிர்க்கட்டி. அதையெல்லாம் அவன் தொடவில்லை. விசைக்கும் சுத்தியலுக்கும் நடுவில் சுண்டுவிரல் தடிமனில் ஓர் எண்ணெய் உருளையை மட்டும் வைத்தான். அதற்குத் தயக்கப்பூட்டு என்று பெயர் கொடுத்தான்.

விசையை முதல் முறை இழுத்தால் துப்பாக்கி சுடாது. குழலின் கீழிருக்கும் விளக்கு எரிந்து, எதிரே நிற்பவனின் முகக்கண்ணாடிக்குள் வெளிச்சம் பாய்ச்சும். அதே நேரம் உருளைக்குள் ஓர் அழுத்தி எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மெதுவாக இறங்கும். அடிக்குப் போய்ச் சேர நான்கு நொடி. சேர்ந்ததும் உள்ளங்கையில் ஒரு சின்னத் தட்டல் தெரியும். அதற்குப் பிறகு இரண்டாம் முறை இழுத்தால்தான் குண்டு பாயும். இழுக்காவிட்டால் எல்லாம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கதிர்வீச்சில் மின்னணுக் கருவிகள் கெட்டுப்போகும் என்பதால் விளக்கைத் தவிர எல்லாமே சுருள்வில்லும் பற்சக்கரமும்தான். அந்தச் சுருள்விற்களை இழைத்துக் கொடுத்தது ஜெபக்கனி. தம்பியின் படைப்பிரிவுக்கு அதைக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டபோது அவள் சந்தோஷப்பட்டாள்.

ஆறாம் சுரங்கத்துக்குள் அவர்கள் போய்ச் சிறிது நேரத்தில் நான்கைந்து வெடிச்சத்தம் கேட்டது. அதோடு சரி. பாறைக்குள் வானொலி எட்டாது. மூன்று மணி நேரம் தளபதிகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் செத்துவிட்டார்கள், இனி எதிரி வெளியே வருவான் என்று முடிவுகட்டிச் சுரங்கத்தின் வாயைத் தகர்த்து மூடினார்கள். மறுமுனையை மேட்டுக்குடிக்காரர்களும் அப்படியே மூடினார்கள்.

விசாரணை இரண்டே நாளில் முடிந்தது. சுரங்கத்துக்குள் பூச்சியத்துக்குக் கீழே எழுபது பாகைக் குளிர். உருளையில் இருந்த எண்ணெய் உறைந்துவிட்டது. துப்பாக்கி வேலை செய்யாமல் முப்பத்தேழு பேரும் அநியாயமாகச் செத்தார்கள். ஞானதிரவியத்தைப் பட்டறையிலிருந்து நீக்கிச் சுவர்க்குமிழ் கழுவும் வேலைக்கு அனுப்பினார்கள்.

அதன்பிறகு பதினோரு ஆண்டுகள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவள் அவனோடு பேசவில்லை. அவன் காப்பி போட்டு வைப்பான். அவள் எடுத்துக் குடிப்பாள். தம்ளரை அவனே கழுவி வைப்பான். வருடத்துக்கு ஒரு முறை, செல்வின் போன நாளில், கதவோரம் நின்று, "கனி, எண்ணெ உறையல. நான் பாத்துத்தான் ஊத்துனேன்" என்பான். அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். கடைசி வருடம் அவன் அதையும் சொல்லவில்லை. கதவோரம் வந்து நின்றுவிட்டுப் போனான். இரண்டு மாதத்தில் இறந்துபோனான்.

பெட்டியை அவள் மூன்று நாள் திறக்கவில்லை. நான்காம் நாள் பட்டறைக்கு எடுத்துப் போய், குளிர்க்கூண்டுக்குள் வைத்து அதே எழுபது பாகைக் குளிருக்கு இறக்கினாள். விளக்குக்குப் புது மின்கலம் போட்டாள். உறைந்திருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதை எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

கையுறை மாட்டி விசையை இழுத்தாள். விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உள்ளங்கையில் ஒரு தட்டல்.

அவள் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பிறகு மறுபடி இழுத்தாள். அன்று மாலைக்குள் அறுபது முறை இழுத்துப் பார்த்தாள். மிகத் தாமதமாக வந்த தட்டல் ஐந்தரை நொடி. இருபத்துநான்கு வருடம் பனிக்குள் கிடந்தும் எண்ணெய் உறையவில்லை.

துப்பாக்கியின் அடிக்கட்டைக்குள் ஒரு செப்பு நாடா இருப்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. சோதனைக்காக ஞானதிரவியம் வைத்தது. முதல் இழுப்புக்கு இடதுபக்கம் ஒரு கீறல், தட்டலுக்கு நடுவில் ஒரு கீறல், இரண்டாம் இழுப்புக்கு வலப்பக்கம் ஒரு கீறல். முன்பு விசாரணையில் அவன் இதைச் சொல்லியிருந்தான். துப்பாக்கிகள்தான் பாறைக்கு அடியில் இருக்கின்றனவே என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அன்றைய கீறல்களைக் கழித்துவிட்டுப் பழைய பகுதியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இடதுபக்கம் பதினொன்று. நடுவில் பதினொன்று. வலப்பக்கம் வழவழவென்று இருந்தது.

இதை வைத்திருந்தவன் பதினோரு முறை விளக்கடித்து ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறான். பதினோரு முறையும் தட்டல் வந்திருக்கிறது. சுட்டிருக்கலாம். சுடவில்லை.

அவள் முப்பிடாதியைக் கூப்பிட்டாள்.

"நசுங்குன துப்பாக்கிலயும் நாடா இருக்கும். எடுத்துட்டு வாங்க."

ஒன்பது நாடாக்களைத் தட்டி நிமிர்த்திப் படிக்க முடிந்தது. எட்டில் வலப்பக்கம் காலி. ஒன்றில் மட்டும் ஒரே ஒரு கீறல் இருந்தது. அது யாருடைய எண் என்று சொல்ல முப்பிடாதி வாயெடுத்தார். ஜெபக்கனி கைகாட்டி நிறுத்தினாள்.

"வேண்டாம். சொல்லாதீங்க."

நாடாக்களை வரிசையாக அடுக்கியபடி கேட்டாள். "பொறவு எப்படித்தான் செத்தாங்க? சுரங்கத்துக்குள்ள போயி நீங்க பாத்தீங்கள்லா?"

முப்பிடாதி தரையைப் பார்த்தார். "மூணு பேரு மேலதான் குண்டு பட்டிருக்கு. மத்தவங்க ஒடம்புல காயமே இல்லக்கா. மேட்டுக்குடி ஆளுகளும் அங்கதான் கெடந்தாங்க, நம்ம ஆளுகளோட கலந்து. காத்துக் குப்பி தீந்தவனுக்கு இருக்கிறவன் குழாயச் சொருகிக் குடுத்திருக்கான். ரெண்டு ரெண்டு பேரா உக்காந்திருந்தாங்க. வாசலு மூடுன பெறகும் ரெண்டு நாளு இருந்திருப்பாங்கன்னு டாக்டர் சொல்லுதாரு."

"செல்வினு?"

"செல்வின் தம்பி குழாயும் ஒரு மேட்டுக்குடிக்காரன் குப்பியிலதான் இருந்துச்சு."

அவள் பணிமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போனதும், யாரும் உட்காராத எதிர் நாற்காலிக்கு முன்னால் ஒரு தம்ளர் காப்பி வைத்தாள். "எண்ணெ உறையலய்யா" என்றாள். காப்பி ஆறியதும் அவளே எடுத்து, அந்தத் தம்ளரைக் கழுவ முடியாமல், கழுவுதொட்டி ஓரமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அறிக்கை எழுதினாள். எண்ணெய் உறையவில்லை, பூட்டில் பழுதில்லை, செங்காயல் தன் பிள்ளைகளை உயிரோடு மூடியது. இந்த மூன்றாவது வரியை நீக்கச் சொன்னார்கள். அவள் மறுத்தாள். ஆறு மாதம் இழுத்தடித்த பிறகு நகரமன்றம் ஏற்றுக்கொண்டது. தலைவர் மேடையில் கண்ணீர் விட்டார். அருங்காட்சியகத்தில் ஞானதிரவியம் பெயரில் ஒரு கூடம் எழும்பியது. மக்கள் உணரட்டும் என்று தயக்கப்பூட்டு பொருத்திய ஒரு மாதிரித் துப்பாக்கியை வாசலில் வைத்தார்கள். விசையை இழுத்தால் இருட்டில் நிற்கும் ஒரு பொம்மையின் முகம் நான்கு நொடி ஒளிரும். சுடலாம், சுடாமலும் வைத்துவிட்டுப் போகலாம். அதற்கும் அவள்தான் வில் இழைத்துக் கொடுத்தாள்.

திறப்புவிழாக் கூட்டம் ஓயட்டும் என்று பத்து நாள் கழித்துப் போனாள். வரிசை தெரு வரை நீண்டிருந்தது. முகம் தெரிந்தவர்கள் வழிவிட்டும் அவள் போகாமல் வரிசையிலேயே நின்றாள். உள்ளே நெருங்கியபோது வெடிச்சத்தம் விடாமல் கேட்டது. ஒருவர் வந்து எடுத்ததும் படபடவென்று சத்தம், அடுத்தவர், மறுபடி சத்தம்.

முப்பிடாதி அவளைப் பார்த்துவிட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா. நாலு நொடி நிக்க மாட்டேங்காங்க. இழுத்த ஒடனே சுடலன்னா ரிப்பேருன்னு சொல்லித் தூக்கி அடிக்காங்க. ரெண்டு துப்பாக்கி ஒடஞ்சு போச்சு. வரிசையும் நகர மாட்டேங்கு. உருளையக் கழட்டிருன்னு மேல சொல்லிட்டாங்க."

"அப்ப அந்த மொகம்?"

"அது எரியுதுக்கா." அவர் தயங்கினார். "சுட்ட பெறகு எரியுது."

அவள் வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். முறை வந்ததும் துப்பாக்கியைக் கையில் எடுத்து, விசையில் விரல் வைத்து, எதிரே இருட்டைப் பார்த்தபடி நின்றாள். அங்கே யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

"சுடுதீங்களா, தள்ளிக்கிடுதீங்களா? நேரமாவுதுல்லா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜெபக்கனி துப்பாக்கியை வைத்துவிட்டு நகர்ந்தாள். அடுத்து நின்ற இளம்பெண் அதை எடுத்து, மறுகையால் படக்கருவியைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துச் சிரித்துக்கொண்டே மூன்று முறை சுட்டாள். மூன்றாம் வெடிக்குப் பிறகு இருட்டில் அந்த முகம் ஒளிர்ந்தது. அந்தப் பெண் அதைப் பார்க்கவில்லை. தன் படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.