கணுக்கால் அளவு மரணம்!

"பாம்... பாம்...!"

நகராட்சி ஆபீஸ் படியில் ஏறிக்கொண்டிருந்த பொறியாளர் அப்படியே நின்றுவிட்டார்.

ரப்பர் ஹாரன் சத்தம்!

வெளியே மழை, லாரியில் இருந்து ஜல்லி கொட்டுவது போலக் கொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

பக்கத்தில் வந்த பில்டர் முறைத்தார்.

"என்னய்யா கேட்டுச்சா?"

"ஹாரன்..."

"யோவ்! செத்தவன் ஹாரன் அடிப்பானா? மூஞ்சியைத் துடைச்சிக்கிட்டு உள்ள வா. இன்னிக்கு நீ சொல்ற ஒரு வார்த்தையிலதான் என் பன்னெண்டு மாடி நிக்குது!"

செத்தவர் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். தெருவுக்கே 'ஹாரன்' அண்ணன். மழை வலுத்தால் தெருமுனையில் நின்று, பழைய பஸ்ஸில் கழற்றிய ரப்பர் ஹாரனை அமுக்குவார். சத்தம் கேட்டதும் ஜனம் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிவீடு தேடி ஓடும்.

அந்தத் தெருத் தண்ணீர் வடிய ஒரே ஒரு கால்வாய். அதன் வாயை அடைத்துச் சுவர் எழுப்பினார் பில்டர். போன பெருமழையில் சுவரை இடிக்கக் கடப்பாரையோடு போன ஹாரன் அண்ணன், மறுநாள் பிணமாகக் கிடைத்தார். மண்டையில் காயம்.

வெள்ளம் இழுத்துச் சுவரில் மோதி, மூழ்கிவிட்டார் என்று கேஸை மூடினார்கள்.

பிணம் கிடைத்தது. ஹாரன் கிடைக்கவில்லை!

அன்றிலிருந்து மழை பெய்தால் போதும்... பொறியாளர் காதில் மட்டும் அது அடிக்கிறது.

பன்னிரண்டு மாடிக்கு அனுமதி தருவதா என்று தெரு ஜனத்திடம் கருத்துக் கேட்கும் கூட்டம். அறை நிரம்பி வழிந்தது. ஈரக் குடைகள். ஈரச் செருப்புகள். கடைசி வரிசையில் பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டர், தொப்பியை மடியில் வைத்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

தெருவின் டெய்லர்தான் முதலில் எழுந்தார்.

"சார்! தண்ணி வந்தா தையல் மெஷினைக் கட்டில் மேல ஏத்துறோம். கட்டிலை எது மேல ஏத்துறது? அதைச் சொல்லிட்டு பன்னெண்டு மாடி கட்டுங்க!"

"உங்க தலை மேல ஏத்திக்கோங்க!" என்றார் பில்டர்.

"அதுல ஏற்கெனவே நீங்க உக்காந்திருக்கீங்களே!"

அறை சிரித்தது. பொறியாளர் மேஜையைத் தட்டினார்.

எந்த ஆபீசுக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதைச் சொல்லியே மேலே வந்தவர் அவர். இந்த மேஜையில் சொன்னது அந்த மேஜைக்கு ஒருநாளும் நடந்து போனதில்லை. அந்தத் தைரியம்!

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மெல்ல எழுந்தாள். ஹாரன் அண்ணனின் மனைவி. குரல் நடுங்கியது.

"சார்... என் மருமக மாசமா இருக்கா. சுவரு அங்கேயே இருந்தா, வீட்டுக்குள்ள தண்ணி வருமா சார்? பொய் சொல்லாம சொல்லுங்க..."

பில்டரின் பார்வை பொறியாளரின் கழுத்தில் கத்தியாய் நின்றது.

"வராதும்மா. வீணா பயப்படாதீங்க. போன பெருமழையிலகூட அந்த இடத்துல கணுக்கால் அளவுதான் தண்ணி."

"நீங்க பாத்தீங்களா சார்?"

"பக்கத்துலயே நின்னேன்மா! என் பேன்ட்கூட நனையல. போதுமா?"

"போதும் சார்."

அவள் குரலில் இப்போது நடுக்கம் இல்லை!

"அப்ப, கணுக்கால் தண்ணியில என் புருஷன் எப்படி சார் மூழ்கினாரு?"

அறையிலிருந்த தலைகள் எல்லாம் பொறியாளர் பக்கம் திரும்பின.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கண்ணில் தூக்கமே இல்லை.

"சார்... எங்கிட்ட கழுத்தளவு வெள்ளம்னு சொன்னீங்க. இழுத்துட்டுப் போனதை நேர்ல பாத்தேன்னீங்க!"

"அது... வந்து... கழுத்தளவுதான்..."

"அப்படின்னா பன்னெண்டு மாடியை மூட்டை கட்டுங்க!" டெய்லர் கத்தினார்.

பில்டர் துள்ளி எழுந்தார். "யோவ்! கணுக்கால்னு சொல்லுய்யா!"

"சொல்லுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "கழுத்தளவுன்னா ப்ளான் பொய். கணுக்கால்னா கொலை. எதை எழுதிக்கட்டும்?"

பொறியாளர் வாயைத் திறந்தார்.

பாம்... பாம்...!

ஜன்னலுக்கு வெளியே. மிக அருகில்!

காதைப் பொத்திக்கொண்டு அலறினார்.

"நான் அடிக்கல! இவர்தான்... அண்ணன் கையில இருந்த கடப்பாரையைப் பிடுங்கி அடிச்சாரு! தண்ணியில தள்ளினாரு! ஹாரனையும் பிடுங்கிக் கால்வாய்க்குள்ள வீசினாரு! நான் குடை மட்டும்தான் பிடிச்சேன்!"

பில்டர் வாசலுக்குப் பாய்ந்தார். டெய்லர் காலை நீட்டினார். பன்னிரண்டு மாடியும் ஒரே சத்தத்தில் தரையில் விழுந்தது!

அந்தப் பெண் இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டாள்.

"கூப்பிட்டதும் வந்தீங்க தம்பி."

"தூங்குற மாதிரி நடிக்கத்தான்கா கஷ்டம். நிஜமாவே தூக்கம் வந்துடுச்சு!"

பில்டரை ஒரு வண்டி கொண்டுபோனது. பொறியாளரை ஏற்றிய ஜீப், அதே தெரு வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

சுவருக்கு எதிரே இன்ஜின் இருமியது. நின்றது.

கதவிடுக்கில் கறுப்புத் தண்ணீர் நுழைந்தது. முழங்கால். சீட். இடுப்பு...

பாம்... பாம்...!

"சார்! இப்பவாவது... உங்களுக்குக் கேக்குதா?"

இன்ஸ்பெக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. சத்தம் சுவருக்குப் பின்னால், அடைபட்ட கால்வாய்க்கு உள்ளேயிருந்து வந்தது!

இன்ஸ்பெக்டர் கதவை உதைத்துத் திறந்து, பொறியாளரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"நல்லாவே கேக்குது சார். சீக்கிரம் இறங்குங்க... பயப்படாதீங்க, கணுக்கால் அளவுதான்!"